இளநீரும் ஐஸ் தண்ணீரும்

மில் சங்கு ஊதும்போது நான் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். கண் திறந்திருந்தது. ஓட்டு இடுக்கில் வெளிச்சம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டில் பால் பொங்கித் தீயும் வாசனை அடித்தது. எல்லாம் எனக்குத் தெரிந்தது, நான் மட்டும் எங்கேயோ தள்ளி இருந்தேன். கழுத்துக்குக் கீழே ஓர் உடம்பு கிடந்தது. எழுந்திரு என்று அதனிடம் சொன்னேன், அது கேட்கவில்லை. வலி இல்லை. மரத்தும் போகவில்லை. முழங்காலில் கொசு உட்கார்ந்தது தெரிந்தது, கடித்ததும் தெரிந்தது. அடிக்கத்தான் கை வரவில்லை.

"ஏட்டி பேச்சி, சங்கு ஊதியாச்சு. எந்திரிக்கலியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"காலு வரல."

"எங்க போயிருக்கு? வந்ததும் சொல்லு, நான் ஷிப்டுக்குப் போகணும்."

அவர் அப்படித்தான். எதையும் முதலில் கேலி பேசிவிட்டு, பிறகுதான் பயப்படுவார். பெயர் முருகேசன், நூல் மில்லில் வேலை. ஒரு மணி நேரம் கழித்து, யாரோ உள்ளேயிருந்து ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்கொண்டு வருவதுபோல விரல், கணுக்கால், முழங்கால் என்று எல்லாம் திரும்பி வந்தன. எழுந்து வாசல் தெளித்தேன். அன்று வேலைக்கும் போனேன். அவ்வப்போது இப்படி வரும், தானாகப் போய்விடும்.

இது தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டியில். நான் தீப்பெட்டி ஆபீசில் இருந்தேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பத்தாவது வரை படித்தவள் என்பதால் என்னைத் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்க விடாமல், நிரம்பி வரும் பெட்டிகளைச் சரிபார்க்க உட்கார வைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மாலைவரை உட்கார்ந்த வேலை. நோகாத வேலை என்று பலருக்கு என்மேல் பொறாமை. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

இப்போது நன்றாக இருக்கிறேன். காலையில் கால் வராமல் படுத்துக்கொண்டு, நடிக்கிறாள் என்று பேர் வாங்கிக்கொண்டிருக்கும் யாராவது ஒருத்தி கண்ணில் இது படட்டும் என்று எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. என் மகள் செண்பகத்தை நான் ஒரு நாள் அடித்தேன்.

அப்போது அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் விட்டிருக்கிறார்கள். முதலாவதாக வந்துவிட்டு வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்தவள், பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து வரவில்லை. கேட்டால் கால் வரவில்லை என்றாளாம். டீச்சர் ஆளனுப்பி, நான் போவதற்குள் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் மழை பெய்த ஒரு காலையில் பாயில் படுத்தபடி அதையே சொன்னாள். "கால் வரலம்மா." நான் விசிறிக் காம்பை எடுத்தேன்.

"பள்ளிக்கூடம் போக மனசில்லைன்னா அதச் சொல்லு. பொய்யா சொல்லுத?"

எனக்கே இருக்கிற ஒன்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததால்தான் அடித்தேன். அவள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்று அடித்தேன். நாலு அடி. நாலாவது அடிக்கு அவள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், இழுக்க முடியவில்லை. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அந்த ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு விரதம் இருப்பது என்று முடிவு செய்தேன். என் கால் நிற்க வேண்டும், பிள்ளைக்கு இது வரக்கூடாது. முருகனிடம் இரண்டு கோரிக்கையாகச் சொல்லாமல் ஒன்றாகவே சேர்த்துச் சொல்லிவிட்டேன். ஆறு நாளும் சோறு இல்லை. விடியுமுன் குளிர்ந்த தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பகலுக்கு இரண்டு வாழைப்பழம், சாயந்தரம் இளநீர், கொஞ்சம் பால். எங்கள் பக்கம் விரதம் என்றால் அதுதான். இளநீர் குடித்தால் தெம்பு என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கோ நாளாக நாளாக உடம்பு கனத்தது. கடவுள் சோதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு இளநீர் குடித்தேன்.

ஆறாம் நாள் கழுகுமலைக்கு நடந்தே போனேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. ரோட்டை விட்டு இறங்கினால் கரிசல் மண் காலில் அப்பிக்கொண்டு, அடிக்கு அடி செருப்பு கனத்தது. நடக்கிறவரை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அன்று எனக்குப் பறப்பதுபோல இருந்தது. இரண்டு பக்கமும் பருத்திச் செடி நனைந்து நின்றது. தூரத்தில் மலை தெரிந்தது. அது என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்றும் நான் சும்மா நிற்கிறேன் என்றும் தோன்றியது. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து, சூரசம்ஹாரம் பார்க்கக் கூட்டத்தோடு கூட்டமாக ஈரக் கல் தரையில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான். சூரன் தலை விழுந்து எல்லாரும் எழுந்து கும்பிட்டபோது நான் உட்கார்ந்தே இருந்தேன். கும்பிடக் கையும் வரவில்லை.

"அருள் வந்திருக்கு, தள்ளுங்க" என்றது ஒரு குரல். நெற்றியில் திருநீறு விழுந்தது. "ஆறு நாளா பட்டினி கெடந்த உடம்புல்லா, பாவம். இளநி குடுங்க." யாரோ ஒரு புண்ணியவதி என் தலையைத் தன் மடியில் சாய்த்து, ஒரு முழு இளநீரையும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். அந்த அம்மாளின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவ்வளவு அன்பான முகம். அவள் புகட்டப் புகட்ட என் கழுத்தும் நிற்காமல் போயிற்று.

வீட்டுக்காரர் வந்து, கார் பிடித்து, கோவில்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கிருந்த டாக்டர் கெட்டிக்காரர். பார்த்த உடனே, உடம்பில் பொட்டாசியம் குறைந்தால் இப்படிக் கைகால் விழும், இந்த வெயில் பூமியில் நிறையப் பார்த்திருக்கிறேன் என்றார். பொட்டாசியம் என்பது நம் உடம்பில் இருக்கிற ஓர் உப்பு. வாழைப்பழத்திலும் இளநீரிலும் நிறைய உண்டு. அது குறைந்து கைகால் விழுகிறவர்கள்தான் அதிகம் என்பதும் உண்மை. ரத்தப் பரிசோதனை முடிவு மறுநாள்தான் வரும் என்பதால், அதற்குள் பொட்டாசியம் மருந்து ஒரு டம்ளர் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் எனக்கு மேல்மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவர் பயந்துபோய் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு, வேனில் ஏற்றி, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

குளுக்கோஸ் என்பது சர்க்கரைத் தண்ணீர். சர்க்கரை ரத்தத்தில் ஏறினால், அது பொட்டாசியத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு தசைக்குள் போய்விடும். என்னைக் காப்பாற்றியது அந்தப் பாட்டில்தான். அது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. சாத்தூர் தாண்டும்போது விரல் அசைந்தது. திருமங்கலத்தில் கால் மடங்கியது. மதுரையில் வேனை விட்டு நானே இறங்கி நடந்தேன்.

அதுதான் வினையாகப் போயிற்று. ராத்திரி டூட்டியில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. கோவில்பட்டியில் எடுத்த ரத்தத்தின் முடிவை யாரும் போய் வாங்கவில்லை. நர்சம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, ரகசியம் கேட்பதுபோலக் கேட்டாள்: "வீட்ல ஏதும் சண்டையா? மாமியாரோட மனஸ்தாபமா? சும்மா சொல்லுங்க."

எனக்கு மாமியாரே கிடையாது, நான் கல்யாணம் ஆகி வருமுன்பே போய்விட்டாள். அதைச் சொன்னேன். நர்சம்மா நம்பவில்லை. பெரிய டாக்டர் காலையில் வந்து, சீட்டைப் பார்த்து, மனநலப் பிரிவுக்கும் ஒரு தடவை காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எனக்கு அழுகை வரவில்லை. விசிறிக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்ட அதே கேள்வியை, என்னிடம் எல்லாரும் நயமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஐயா வந்தார். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். நான் பிறந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். ஐயா ஆடு மேய்க்கிறவர், பேர் சுடலைமுத்து. மற்றவர்கள் நிலத்தில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுவார். ஒரு நிலத்தில் இரண்டு நாள், இன்னொரு நிலத்தில் மூன்று நாள் என்று வருஷம் முழுக்க நடை. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் எழுந்த கையோடு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருப்பார். நான் சிறுமியாக அவரோடு ஆட்டுக்குப் போன காலத்தில், ஓடி ஆடிவிட்டு வரப்பில் உட்கார்ந்தால் அவருக்குப் பிடிக்காது. "எந்திரி, நட" என்பார். எழாவிட்டால் தொரட்டிக் கம்பால் காலில் ஒன்று விழும். இரக்கமில்லாத மனுஷன் என்று அந்த வயதில் எனக்கு அவர்மேல் தீராத கோபம்.

அந்த மனுஷன் ஆட்டை யாரிடமோ விட்டுவிட்டு வந்து, வார்டுக்கு வெளியே வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். தினமும் விடிந்ததும் மார்க்கெட் வரை நடந்து போய் இரண்டு இளநீர் வாங்கி வருவார். "கரிசக்காட்டுல எங்க கெடைக்கும் இது? குடி தாயி" என்று எனக்கு ஒன்று, வற்புறுத்தினால் தனக்கு ஒன்று. அவர் என்னைத் தாயி என்று கூப்பிட்டது அந்த ஆஸ்பத்திரியில்தான். அதற்காகவே கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அடுத்த படுக்கைக்காரர்களும் வாழைப்பழம் தந்தார்கள். டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு, தினமும் பத்து மணிவாக்கில் எனக்குக் கைகால் விழுந்தது.

விழுந்து கிடக்கிற நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பயம் முதல் கொஞ்ச நேரம்தான். அதன்பிறகு ஓர் அமைதி வந்துவிடும். மேலே மின்விசிறி சுற்றும், ஒவ்வோர் இறக்கையும் தனித்தனியாகத் தெரிகிறாற்போல இருக்கும். யாரோ செருப்பைத் தேய்த்து நடந்து போவார்கள், அந்தச் சத்தம் முடிவதற்கே நெடுநேரம் ஆகும். செண்பகம் பாயில் கிடந்து பார்த்த ஓட்டுக்கூரையும் விட்டமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைப்பேன். அவளுக்கும் அந்த விட்டத்துக்கும் இடையில் நான் வந்து நின்றேன், கையில் காம்போடு. அந்த நினைப்பு வந்ததும் அமைதி போய்விடும்.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஆறாம் நாள், மேற்படிப்புப் படிக்கிற ஓர் இளம் டாக்டரம்மா எங்கள் வார்டுக்கு வந்தாள். ஒல்லியான பெண், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு மூன்று பேனா. நான் விழுந்து கிடந்த நேரம் பார்த்து வந்தாள். நடிக்கிறேனா என்று பார்க்க என் கையைத் தூக்கிப் போடவில்லை. "அப்படியே இருங்க, இப்பவே ரத்தம் எடுக்கிறேன்" என்றாள். அப்படியே இருங்க என்று அவள் சொன்னதற்குக் கிடந்தபடியே சிரித்தேன். அவளும் புரிந்துகொண்டு சிரித்தாள்.

சாயந்தரம் ஓட்டமாக வந்தாள். பொட்டாசியம் குறையவில்லை, ஏறியிருந்தது. ஒரு பேசினில் ஐஸ் போட்ட தண்ணீரைக் கொண்டுவந்து என் வலது கையை அதில் வைக்கச் சொன்னாள். கால் மணி நேரம் கழித்துக் கையை எடுத்து, இறுக்கி மூடச் சொன்னாள். மூடினேன். "இப்ப திறங்க." திறக்கவில்லை. விரல்கள் என் சொந்த விரல்கள்தான், ஆனால் கைப்பிடிக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தன. அடுத்த நாள் தசையில் ஊசி செருகி, அதன் சத்தத்தை ஒரு பெட்டியில் கேட்க வைத்தார்கள். ஊசியை அசைத்ததும், மேட்டில் ஏறித் திணறி இறங்குகிற மொபெட் வண்டிபோல என் தொடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. டாக்டரம்மாவுக்கு அதைக் கேட்டு அப்படி ஒரு சந்தோஷம்.

"உங்களுக்கு ஒரு கதவு சரியா சாத்தல" என்றாள்.

படுக்கையில் உட்கார்ந்து அவள் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். தசை என்பது நூல்நூலாக இருக்கிறது. ஒவ்வொரு நூலையும் சுற்றி மெல்லிய சுவர். அந்தச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் உண்டு. சோடியம், அதாவது நாம் சாப்பிடுகிற உப்பில் இருப்பது, உள்ளே போவதற்கென்றே தனிக் கதவு. எழுந்திரு என்று மூளை சொன்னால் நரம்பு வழியாகச் செய்தி வரும், அந்தக் கதவு கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். உடனே கதவு சாத்திக்கொள்ள வேண்டும். சாத்தினால்தான் அடுத்த செய்திக்குத் தசை தயாராகும். எனக்கு அந்தக் கதவு செய்யப்பட்ட அச்சிலேயே ஒரு பிசகு. சில கதவுகள் சரியாகச் சாத்துவதில்லை. கொஞ்சம் கசிந்தால் தசை விறைத்துக்கொள்ளும், குளிரில் என் விரல் பூட்டிக்கொண்டது அதனால்தான். கசிவு அதிகமானால் மற்ற நல்ல கதவுகளும் திகைத்துப்போய் அடைத்துக்கொள்ளும். பிறகு நரம்பு எவ்வளவு கத்தினாலும் தசைக்குக் கேட்காது. பட்டினி, குளிர், ஓடி முடித்து உட்காருவது, பொட்டாசியம் நிறைந்த பண்டம், எல்லாமே அந்தக் கசிவைக் கூட்டும்.

ஐயா படுக்கை ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கெடையில படல சாத்தாம விட்ட கதை" என்றார். "ஆடு பூரா செதறிப் போயிரும். பொறவு என்ன கூப்பாடு போட்டு என்ன?"

"அதேதான் தாத்தா!" என்றாள் டாக்டரம்மா. "இனிமே விரதம் கிடையாது. வாழைப்பழம் கிடையாது. இளநீர் கண்டிப்பா கிடையாது. அதுதான் இவங்களுக்கு விஷம் மாதிரி."

ஐயா கையில் அன்றைய இரண்டாவது இளநீர் சீவி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வெட்டிட்டேனே" என்றார், சின்னப் பிள்ளைபோல. பிறகு வெளியே கொண்டுபோய்விட்டார். யாருக்குக் கொடுத்தார் என்று தெரியாது.

டாக்டரம்மா அவரை வரவழைத்துக் கேட்டாள். இந்த அச்சுப் பிசகு பெரும்பாலும் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வரும், ஒருவரிடம் இருந்தாலே போதும், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றாள். "உங்க வீட்ல யாருக்காவது இப்படி உண்டா தாத்தா? உங்களுக்கு? இவங்க அம்மாவுக்கு?"

"கெடையாது" என்றார் ஐயா. "எங்க வகையறாவுல ஒருத்தருக்கும் கெடையாது."

பரம்பரையில் இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும், சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் சீட்டில் எழுதிக்கொண்டாள். பாதிக்குப் பாதி என்று அவள் சொன்னதும் என் நெஞ்சில் ஒரு காலி இடம் விழுந்திருந்தது. ஐயா இல்லை என்றதும், செண்பகம் தப்பித்தாள் என்று அந்த இடத்தில் ஓர் ஆறுதல் வந்து உட்கார்ந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்து விடிந்தும் ஐயாவைக் காணவில்லை. மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டியதில்லையே, எழுந்து முகமாவது கழுவியிருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். மழைச்சாரலில் சிமெண்டுத் தரை ஜில்லென்றிருந்தது. அவர் துண்டில் மல்லாக்கக் கிடந்தார். கண் திறந்திருந்தது. அந்தக் கிடப்பை நான் உள்ளிருந்து பல தடவை அறிந்தவள். வெளியிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா."

"மெதுவாப் பேசு. ஆள் கூடிரும்" என்றார். "மடியில கல்கண்டு கெடக்கும். எடுத்து வாயில போடு."

வேட்டி மடிப்பில் பொட்டலம் இருந்தது. ஒரு கட்டியை எடுத்து அவர் நாக்கில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். வாழ்க்கை முழுக்க நடந்த மனுஷன், ஒரு வாரமாக ஆஸ்பத்திரி பெஞ்சிலும் தரையிலும் கிடந்திருக்கிறார். என்னோடு சேர்ந்து இளநீரும் குடித்திருக்கிறார்.

"எம்புட்டு நாளா?"

"சின்ன வயசுலேருந்து. எங்க அய்யனுக்கும் உண்டு. ஆட்டுக்குப் பின்னால நடக்கிறவனுக்கு இது ஒண்ணும் பண்ணாது. உக்காந்தாத்தான் வம்பு. கெடைக்காரன் விடியக்காலம் எந்திரிக்க மாட்டான்னு தெரிஞ்சா எவன் நம்பி ஆட்ட விடுவான்?" கொஞ்ச நேரம் கல்கண்டைச் சப்பினார். "உனக்கு இருக்குன்னு ஆறு வயசுலயே தெரியும். அதான் உக்கார விடல."

"கட்டிக் குடுக்கும்போதாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா எவன் கட்டுவான்? இப்பவும் சொல்லிறாத தாயி. உம் மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா, எம் பிள்ளைக்கும் சேத்துக் கொண்டாந்துட்டியான்னு கேப்பாரு. நான் செத்த பொறவு சொல்லிக்கோ."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் தெரிந்து அடித்தார், என் கால் நடக்கட்டும் என்று அடித்தார். நான் தெரிந்தும் தெரியாதவளாக அடித்தேன். இரண்டில் எது மோசம் என்று எனக்கே தெரியும். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே, இந்தச் சரியால் செண்பகத்தின் காலை யாரும் பார்க்கப்போவதில்லை என்றும் தெரிந்தது. அவர் கால் விரல் அசைகிற வரை இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சிறுநீரகத்துக்கு என்று பரிசோதனை மேல் பரிசோதனை எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பேசாமல் போய்ப் படுத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று காலையில் தோன்றும், ஐயாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரே தலை பின்னிவிட்டிருந்தார். ஒரு சடை காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்துக்குக் கீழேயும் கிடந்தது. "அளவு பாத்துத்தான் பின்னுனேன், அவ தலை கோணலா இருக்கு" என்றார். அத்தனை நாளில் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். செண்பகம் என்னைக் கட்டிக்கொண்டாள், கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய் வராந்தாவில் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஓட ஆரம்பித்தாள். ஓடி ஓடி மூச்சிரைக்க வந்து, ஈரத் தரையில் சுவரில் சாய்ந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏட்டி, உக்காராத! எந்திரி, நட!"

ஐயாவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்சம்மா திரும்பினாள். அடுத்த படுக்கையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்தாள்.

"ஏன் தாத்தா, குழந்தை உக்காரக் கூடாது?"

ஐயா செண்பகத்தின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, இரண்டு எட்டு நடத்தினார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் புரியாமல் நின்றார். ஐயா பேத்தியை மெதுவாக என் பக்கம் விட்டுவிட்டு டாக்டரம்மாவிடம் போனார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார்.

"எனக்கும் அந்த ஐஸ் தண்ணிய வைங்கம்மா" என்றார். "வச்சுப் பாருங்க. எங்கிட்டேருந்துதான் வந்துச்சு."

பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பி, "மன்னிச்சுக்கிடுங்க" என்றார். என் வீட்டுக்காரர் கேலி பேசவில்லை. பயப்படவும் இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட வந்தவர், நினைத்துக்கொண்டாற்போல அதைத் தள்ளி வைத்துவிட்டு, "நில்லுங்க மாமா, நின்னுக்கிட்டே வைங்க" என்றார்.

ஐயாவின் விரல்கள் என்னுடையதைவிட இறுக்கமாகப் பூட்டிக்கொண்டன. அவர் ரத்தத்தையும் எடுத்தார்கள். சிறுநீரகத்தைத் தேடுவது நின்றது. கதவின் அச்சைப் படித்துப் பார்க்கிற பரிசோதனை அப்போது வெளிநாட்டில்தான் இருந்தது, எங்களுக்கு இந்த விரல்களே போதும் என்றாள் டாக்டரம்மா. ஒரு மாத்திரை எழுதினாள். மூன்று மணிக்கொரு தடவை கொஞ்சம் சோறோ இட்லியோ, குளிருக்குச் சுடுதண்ணீர், ஆபீசில் அரை மணிக்கொரு தடவை எழுந்து நடை. அவ்வளவுதான் வைத்தியம். இதைக் கேட்க இத்தனை வருஷம்.

"பாப்பாவையும் பாத்துடலாமா?" என்று என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் சரி என்று தலையை ஆட்டினேன்.

செண்பகத்துக்கு அது விளையாட்டு. ஐஸ் கட்டிகளை எண்ணினாள், கை எரியுது என்று சிணுங்கினாள், அப்பா சொன்ன கதையில் மறந்துபோனாள். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கையை எடுத்துத் துடைத்துவிட்டாள்.

"இறுக்கி மூடு. இன்னும் இறுக்கி. ம், இப்ப திற பாக்கலாம்."

சின்ன முஷ்டி நடுங்கியது. கட்டைவிரல் கொஞ்சம் அசைந்தது. மற்ற நாலும் அப்படியே இருந்தன. செண்பகம் இன்னொரு தடவை முயன்றாள், நாக்கைக் கடித்துக்கொண்டு. பிறகு முஷ்டியைத் தூக்கி எனக்குக் காட்டினாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பம் நான் நெசமாத்தான் சொல்லியிருக்கேன், என்னம்மா?"

அந்த முஷ்டியை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, அது சூடேறித் தானாகத் திறக்கும் வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.